பெண்கள் கூடிப் போடும் கையிதழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பழைய வட ஆர்க்காட்டுப் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன இதழ் போட நினைக்கும் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணினி இல்லாதவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

கையிதழ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவரோ நாலைந்து பேரோ தாங்களே எழுதி, வரைந்து, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, தைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு வெளியீடு. ஆங்கிலத்தில் ஸீன் (zine) என்பார்கள். 1930களில் அமெரிக்க அறிவியல் புனைகதை வாசகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட தாள்களிலிருந்து வந்த வழக்கம் இது. 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் ரயட் கேர்ள் என்ற பங்க் இசைப் பெண்ணிய இயக்கத்துப் பெண்கள் இதைத் தங்கள் பேச்சுமேடையாக்கிக்கொண்டார்கள். நம் பக்கம் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையும் சிற்றிதழும் இதற்கு நெருங்கிய சொந்தம். பெண் இதழ் நடத்துவதும் இங்கே புதிதில்லை; வை. மு. கோதைநாயகி 1925இல் ஜகன்மோகினியை எடுத்து நடத்தத் தொடங்கிவிட்டார்.

சிற்றிதழுக்குச் சந்தா, ஆசிரியர் குழு, தொடர்ந்து வர வேண்டும் என்ற கட்டாயம் எல்லாம் உண்டு. கையிதழுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. யாரிடமும் போய் 'போடுவீர்களா' என்று கேட்டு நிற்கவும் வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது?

படிக்கப்போகிறவரிடமிருந்து. இது யார் கைக்குப் போகும், அவர் இதை எங்கே வைத்துப் படிப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஆம்பூர், இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு வேனில் போய்வரும் பெண்ணுக்கு என்றால், ஆடுகிற வண்டியிலும் படிக்க முடிகிற பெரிய எழுத்து வேண்டும், சாப்பாட்டுப் பைக்குள் அடங்கவும் வேண்டும். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்பது போல் சின்னச் சின்னப் பத்திகளாக எழுத வேண்டும். காட்பாடி விடுதி மாணவிக்குப் போனில் பார்க்கும் பழக்கம் அதிகம். வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாத விஷயம் என்றால் பர்ஸுக்குள் போகும் அளவில் செய்ய வேண்டும், அட்டையில் தலைப்பு கத்தக்கூடாது.

தாளின் அளவு, பக்க எண்ணிக்கை, பெயர் போடுவதா வேண்டாமா, விலை, எத்தனை பிரதி எல்லாமே இந்த ஒரு பதிலிலிருந்துதான் வரும். 'எல்லாரும் படிக்கட்டும்' என்று தொடங்கும் இதழில் பொதுவான கவிதைகள்தான் சேரும். படிக்கிறவர் முகம் தெரிந்துவிட்டால் என்ன எழுதுவது என்ற குழப்பமும் தீர்ந்துவிடும்: ஆயிரம் பீடிக்குக் கையில் எவ்வளவு வருகிறது, அதில் கழிவென்று எவ்வளவு தள்ளுகிறார்கள், கம்பெனியில் கழிப்பறைக்குப் போக யாரிடம் சொல்ல வேண்டும், விடுதி கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது, இலவம்பாடி முள்ளுக்கத்தரியை அம்மா எப்படிக் குழம்பு வைப்பாள். குழம்பைச் சாதாரண விஷயம் என்று ஒதுக்காதீர்கள். சமையல் குறிப்புக்காக வாங்கியவர்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கூலிக் கணக்கையும் படிப்பார்.

ஒரே ஒரு தாளில் செய்ய முடியுமா?

முடியும். முதல் இதழுக்கு அதைத்தான் செய்யச் சொல்வோம். ஒரு ஏ4 தாள், ஒரு பக்க ஜெராக்ஸ், ஒரு வெட்டு. பின்னும் வேண்டாம், நூலும் வேண்டாம். 8 பக்கம் கிடைக்கும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம்.

தாளைப் படுக்கையாக வையுங்கள். நெடுக்காக நான்கு பத்தி, குறுக்காக இரண்டு வரிசை வரும்படி மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4, ஆனால் இவை நான்கும் தலைகீழாக. 1 என்பது முன்னட்டை, 8 பின்னட்டை.

நகல் எடுத்தபின், நடுக் குறுக்குக் கோட்டில் இரண்டாவது, மூன்றாவது பத்திகளின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். இரு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டம் வெட்டாமல் இருக்க வேண்டும். எழுத்து வெளியே தெரியும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடு வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். அப்படியே ஒரு பக்கமாகச் சுற்றி மடித்தால் புத்தகம்.

இதில் தப்புவது இரண்டு இடத்தில். ஒன்று, மேல் வரிசையைத் தலைகீழாக எழுத மறப்பது. எட்டுத் துண்டுத் தாளில் தனித்தனியாக எழுதி, எண் போட்ட ஏ4 தாளில் ஒட்டிவிட்டால் இது நேராது. இன்னொன்று, வெட்டு ஓரம் வரை போய்விடுவது. பென்சிலால் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக்கொண்டு, தாளைக் குறுக்கே மடித்து மடிப்புப் பக்கமிருந்து ஒரு கட்டம் அளவுக்கு வெட்டினால் போதும்.

தாளின் பின்பக்கம் காலியாக இருக்கும். பிரித்தால் முழு ஏ4 போஸ்டர் வரும்படி அங்கே ஒரு ஓவியமோ உதவி எண்களோ போடலாம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930. எந்த எண்ணையும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள்.

16 பக்கம் வேண்டுமென்றால் பக்கங்களை எப்படி அடுக்குவது?

நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் எந்த இதழுக்கும் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 14 பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறது என்றால் இரண்டு பக்கம் ஓவியத்துக்கோ, படிப்பவர் எழுதிக்கொள்ளவோ விடுங்கள்.

ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகம், இங்கே 17. ஒற்றைப்படை வலது பக்கம், இரட்டைப்படை இடது பக்கம். அப்படியானால் முதல் தாளின் வெளிப்பக்கம் 16, 1. அதன் உள்பக்கம் 2, 15. இரண்டாம் தாள் 14, 3; உள்ளே 4, 13. மூன்றாவது 12, 5. உள்ளே 6, 11. நான்காவது 10, 7. உள்ளே 8, 9. இந்த 8, 9 மட்டும்தான் ஒரே தாளில் ஒட்டினாற்போல் வரும் நடுப்பக்கம். அகலமான ஓவியம் இருந்தால் அங்கே வையுங்கள். மற்ற இடங்களில் இரண்டு தாள்கள் சந்திப்பதால் கோடு ஒன்றுக்கொன்று சேராது.

எதையும் எழுதுவதற்கு முன் வெறும் தாளை மடித்து, பென்சிலால் எண் போட்டு ஒரு டம்மி செய்யுங்கள். கடைக்குப் போகும்போது அந்த டம்மியும் கூடவே போகட்டும். வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட அதைக் காட்டுவது சுலபம்.

கணினியில் செய்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஏ5 அளவில் 1 முதல் 16 வரை வரிசையாக ஒரு பிடிஎஃப் செய்து, அடோபி ரீடரில் அச்சிடும்போது 'புக்லெட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே அடுக்கிக்கொள்ளும். பக்கங்களை ஏ4 அளவில் செய்துவிட்டுப் புக்லெட் கொடுத்தால் எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கி, 11 புள்ளி (பாயின்ட்) எழுத்து 8 புள்ளிக்கு வந்துவிடும். அம்மாக்களால் படிக்க முடியாது.

கையால் எழுதலாமா, டைப் செய்யவேண்டுமா?

கையெழுத்துக்குத் தனி அழகு உண்டு. ஆனால் உங்கள் கையெழுத்தை ஊரில் பலருக்குத் தெரியும், பெயர் வெளியே வரக்கூடாது என்றால் டைப் செய்யுங்கள், அல்லது வேறொருவர் படியெடுத்து எழுதட்டும்.

எழுதுவதென்றால் கறுப்பு ஜெல் பேனா, 0.7 முனை. நீல மை ஜெராக்ஸில் வெளிறும், பென்சில் பாதி காணாமல் போகும். தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: புள்ளி. நகலின் நகல் எடுக்கும்போது முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அதற்கு நேர்மாறாக ண, ஞ, ணை போன்ற சுழி எழுத்துகளின் உள்ளிடம் கறுப்பால் அடைத்துக்கொள்ளும். எழுத்தின் உடல் 4 மி.மீட்டருக்குக் குறையாமல், புள்ளியைத் தெளிவாகத் தள்ளி, அழுத்தி வையுங்கள்.

டைப் செய்தால் 11 புள்ளி அளவு, வரி இடைவெளி 1.3 முதல் 1.4. முக்த மலர், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் இலவசம், திறந்த உரிமம் கொண்டவை. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து திரையில் அழகாக இருக்கும், ஜெராக்ஸில் சுழிகள் நிரம்பிவிடும். தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிடிபி கடையில் கொடுத்து வடிவமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: சில கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில், பழைய பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் ஓடுகிறது. இன்றைய போன், கணினிகளில் இருக்கும் யூனிகோட் எழுத்தில் நீங்கள் தரும் கட்டுரையை அவர்கள் மாற்றும்போது ஒ, ஓ கொம்புகள் பிரிந்து தனியே நிற்கும், ஸ்ரீயும் க்ஷவும் கட்டமாகிவிடும். மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் படியுங்கள், முன்பே சரிபார்த்தோம் என்று விடாதீர்கள். வேர்டு கோப்பை அப்படியே எடுத்துப்போனாலும் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் பக்கம் குலையும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் மட்டுமே எடுத்துப்போங்கள்.

ஜெராக்ஸ் கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

"அண்ணா, ஏ4, ரெண்டு பக்கமும், நூறு பர்சென்ட், ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஷார்ட் எட்ஜ் ஃப்ளிப். முதல்ல ஒண்ணு மட்டும் போட்டுக் காட்டுங்க." இதைச் சொன்னால் போதும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

நம் பக்கத்துக் கடைகளில் லீகல் அளவுத் தாள் ஒரு தட்டில் எப்போதும் இருக்கும். ஏ4 என்று சொல்லாவிட்டால் அதில் வந்துவிடும், மடித்தால் ஓரத்தில் நீளமாக வெள்ளை தொங்கும். ஃபிட் டு பேஜ் என்றால் இயந்திரமே பக்கத்தின் அளவை மாற்றிவிடும். ஷார்ட் எட்ஜ் சொல்லாவிட்டால் பின்பக்கம் முழுதும் தலைகீழாக விழும். புத்தகமாக மடிக்கும் இதழ்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், ஐம்பது பிரதி ஓடிய பிறகுதான் கண்ணில் படும். அதனால்தான் முதல் ஒன்றை வாங்கி, அங்கேயே மடித்து, பக்க எண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டச் சொல்வது.

இயந்திரம் தாளின் ஓரத்தில் 4, 5 மி.மீ. அச்சடிக்காது. எல்லாப் பக்கமும் 10 மி.மீ., மடிப்புப் பக்கம் 15 மி.மீ. இடம் விடுங்கள். புகைப்படம் இருந்தால் போட்டோ மோடில் வைக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே போனில் வெளிச்சத்தைக் கூட்டிவிடுவது இன்னும் நல்லது, கறுத்த முகம் ஜெராக்ஸில் இன்னும் கறுக்கும். ஏ4 முழுவதும் வரும் படத்துக்கு 2480க்கு 3508 பிக்சல் இருந்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கிடைக்கும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும்.

ஒட்டிச் செய்த மூலத்தாளை அட்டைக்குள் பத்திரமாக வைத்து, எப்போதும் அதிலிருந்தே நகல் எடுங்கள். ஒட்டிய தாளின் ஓரம் நகலில் கோடாகத் தெரிந்தால், மூலத்தில் அந்த ஓரத்தை வெள்ளைத் திருத்த மையால் மூடிவிடலாம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து, இயந்திரத்தின் சூட்டில் சுருண்டு சிக்கும். தாளை நீங்களே வாங்கித் தருவதானால் கட்டு பிரிக்காமல் கொண்டுபோங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நேர்மாறு: காய்ந்த தாள்கள் மின்னூட்டத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக இழுக்கும், நடுவில் வெற்றுப் பக்கம் வரும். கட்டை விசிறி போல் உதறி வைத்தால் குறையும்.

கடைக்காரரிடம் கோப்பைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நியாயமானது. கடையின் வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்பினால் உங்கள் எண்ணும் படமும் கோப்பும் அங்கே தங்கிவிடுகின்றன. பிறகு உங்கள் எண்ணுக்குத் தேவையில்லாத செய்தி வருவது பெண்கள் பலருக்கும் தெரிந்த தொல்லை. பென் டிரைவில் பிடிஎஃப் மட்டும் வைத்துக்கொண்டு போங்கள். அதில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. கோப்பின் பெயர் 'இதழ்1' என்பது போல் இருக்கட்டும். பிடிஎஃப் செய்யும்போது கணினி உரிமையாளரின் பெயர் ஆசிரியராகப் பதிந்துவிடும். கோப்பின் விவரங்களைத் திறந்து அதை அழித்துவிடுங்கள். கடைக் கணினியில் நகலெடுத்து வைத்திருந்தால், அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். தப்பாக வந்த தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை பஜ்ஜி மடிக்கப் போகக்கூடாது.

இன்னும் ஜாக்கிரதை வேண்டுமென்றால் உங்கள் தெருவில் இல்லாத, உங்கள் அப்பாவையோ கணவரையோ தெரியாத கடைக்குப் போங்கள். வேலூரில் கல்லூரிகளையும் பெரிய மருத்துவமனையையும் சுற்றி நாள் முழுதும் கூட்டம் மொய்க்கும் ஜெராக்ஸ் கடைகள் உண்டு. அங்கே யாரும் நின்று படிப்பதில்லை.

பின் அடிப்பதா, தைப்பதா?

வீட்டில் இருக்கும் சின்ன ஸ்டேப்ளர் ஏ5 இதழின் நடுமடிப்பு வரை எட்டாது. ஓரத்திலிருந்து மடிப்புக்கு 148 மி.மீ. இருக்கிறது. பைண்டிங் கடையில் சென்டர் பின் அடித்துத் தருவார்கள். நீங்களே செய்ய வேண்டுமென்றால் ஸ்டேப்ளரை விரித்து, இதழின் அட்டை மேலே பார்க்கும்படி தெர்மாகோல் மேல் வைத்து, மடிப்புக் கோட்டில் அழுத்துங்கள். பிறகு மெதுவாகத் தூக்கி, உள்ளே நீட்டியிருக்கும் கால்களை ஸ்பூனின் பின்புறத்தால் மடக்குங்கள்.

ஆனால் ஸ்டேப்ளர் பின் இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை விடும். நீண்ட நாள் இருக்க வேண்டிய இதழைத் தைத்துவிடுங்கள். மூன்று துளை போதும். தாள்களை ஒன்றாக மடித்து விரித்து, மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 35 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று என்று ஊசியால் முன்கூட்டியே குத்துங்கள். நூல் 55 செ.மீ. வேண்டும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, 8 செ.மீ. வாலை உள்ளே விட்டு. வெளியிலிருந்து மேல்துளை வழியாக உள்ளே. உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே. மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு வாலும், உள்ளே நெடுக ஓடும் நூலுக்கு இருபுறமும் இருக்க வேண்டும். அந்த நூலை நடுவில் வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இரண்டு வாலும் ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு நூலைப் பிடிக்காது, தையல் தொளதொளக்கும்.

தையல் மெஷின் நூல் மெல்லியது, தாளை அறுக்கும். இரண்டு புரியாக எடுத்து மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி: தோல் பொருள் தைக்கும் மெழுகு நூல் உள்ளூரிலேயே கிடைக்கும். இதற்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அட்டைக்கு 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை அளவு) போதும். 250க்கு மேல் போனால் மடிப்பில் வெடிக்கும், கிரீசிங் (மடிக்குமுன் அழுத்திக் கோடு போடுவது) போட வேண்டிவரும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் மிஞ்சும் அட்டைத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். நல்ல நிறங்கள் கிடைக்கும், ஸ்கிரீன் பிரிண்டிங் வசதி இருந்தால் ஒரே நிறத்தில் அட்டையும் அடித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு செலவாகும்?

கணக்கு இப்படி. 16 பக்க ஏ5 இதழுக்கு நான்கு தாள், எட்டு ஏ4 பக்க நகல். நகல் ஒன்றுக்கு 1 ரூபாய், அட்டைக்கு 5 ரூபாய் என்று வைத்தால் பிரதிக்கு 13 ரூபாய்; 50 பிரதிக்கு 650. உங்கள் கடையின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கெட்டுப்போவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட வைத்துக்கொள்ள வேண்டும். பிரதிகள் ஐந்நூறைத் தாண்டினால்தான் ஆஃப்செட் அச்சு பற்றி யோசிக்க வேண்டும். தகடு செய்யும் செலவு அதற்குக் கீழே கட்டுபடியாகாது.

முதல் தடவை 30 பிரதிக்கு மேல் போடாதீர்கள். கேட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், மூலத்தாள் உங்களிடம்தானே இருக்கிறது. பணம் யார் கொடுத்தார், எவ்வளவு திரும்பியது என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சிநேகிதிகளுக்குள் எழுதாத கணக்குதான் பின்னால் மனக்கசப்பாகிறது.

பெயர் போடலாமா? சட்டச் சிக்கல் வருமா?

ஒவ்வொருவரும் தன் பெயர் விஷயத்தில் தானே முடிவெடுக்கட்டும். புனைபெயர், எழுத்து மட்டும், பெயரே இல்லாமல் என எதுவும் சரி. ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. 'வாணியம்பாடியில் மூன்று பெண் பிள்ளைகளோடு இருக்கும் தையல்காரி' என்று எழுதினால் அந்தத் தெருவுக்கே தெரியும். ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, சாதி இவற்றில் எது விஷயத்துக்குத் தேவையோ அதை மட்டும் விட்டு மற்றதை மாற்றுங்கள். எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். தொடர்புக்கு வீட்டு முகவரியும் சொந்தப் போன் எண்ணும் வேண்டாம். இதழுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள்.

சட்டத்தில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது, பாதிக்கப்பட்டவரே எழுத்தில் ஒப்புதல் தருவது விதிவிலக்கு. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பம் எதையும் வெளியிடத் தடுக்கிறது. ஒருவர் மீது குற்றம் சாட்டிப் பெயரோடு எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். ஆவணம் கையில் இல்லாமல் பெயர் போடாதீர்கள், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2023, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து அச்சாகி, பொதுச் செய்தியையோ அதைப் பற்றிய கருத்தையோ தாங்கி வரும் இதழ்களுக்குப் பதிவு வேண்டும். நினைத்தபோது ஒன்று போடுகிறவர்கள் அட்டையில் 'மாத இதழ்' என்று போடாமல், தனித்தனித் தலைப்பில் தனித்தனி வெளியீடாகச் செய்யுங்கள்.

பிறர் எழுத்தும் படமும்: எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பாரதியாரின் பாடல்கள் பொதுவுடைமை, தாராளமாகப் போடலாம். இணையத்தில் தேடி எடுத்த படங்களும் சினிமாப் பாட்டு வரிகளும் வேண்டாம். ஒரு தோழியைப் படம் வரையச் சொல்லுங்கள், இதழுக்கும் அதுதான் உயிர்.

உருதுவும் தமிழும் சேர்த்துப் போடலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இது கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம். தமிழ் பேசத் தெரிந்தும் உருது மட்டுமே வாசிக்கத் தெரிந்த பெண்கள் அங்கே உண்டு.

வழியும் எளிது. உருது வலமிருந்து இடமாகப் போகும், முதுகு வலப்பக்கம் இருக்கும். அதனால் ஒரே இதழைத் திருப்பினால் தமிழின் பின்னட்டைதான் உருதுவின் முன்னட்டை. எதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. 16 பக்கத்தில் தமிழ் 1 முதல் 8 வரை, உருது 16இல் தொடங்கிப் பின்னோக்கி 9 வரை. இரண்டும் சந்திக்கும் நடுப்பக்கத்தில் எழுத்தில்லாத ஓவியம் ஒன்றை வைக்கலாம். பக்க எண்களை ஒவ்வொரு மொழிக்கும் தனியாக 1இலிருந்து போடுங்கள். கடைக்காரருக்கு மட்டும் 1 முதல் 16 வரை டம்மியில் இருக்கட்டும். உருதுவின் நஸ்தலீக் எழுத்துமுறை சாய்ந்து இறங்குவதால் தமிழைவிட வரி இடைவெளி நிறைய வேண்டும். தமிழில் ஒரு பக்கம் வருவது உருதுவில் ஒன்றேகால் பக்கமாகலாம், கட்டுரையை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளுங்கள். சரிபார்க்க உருது வாசிக்கும் ஒருவர் கட்டாயம் வேண்டும். உருது டைப் செய்யும் இன்பேஜ் மென்பொருளின் கோப்பு வேறு கணினியில் குலையும், அதையும் பிடிஎஃப் ஆக்கியே எடுத்துப்போங்கள்.

எப்படிக் கொண்டு சேர்ப்பது?

கையில் கொடுப்பதைவிட நல்ல வழி இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கம்பெனி வேன், பீடி சுற்றும் திண்ணை, தையல் வகுப்பு, ஆக்ஸிலியம், டி.கே.எம். போன்ற மகளிர் கல்லூரிகளில் படிக்கும் தோழிகள். ஐந்து பேரிடம் ஆளுக்கு நான்கு கொடுத்து, 'படித்த பிறகு இன்னொருத்தியிடம் தள்ளிவிடு' என்று சொல்லுங்கள். கம்பெனி வாசலில் நின்று கொடுக்காதீர்கள்; வாங்குகிற பெண்ணை மேற்பார்வையாளர் பார்த்துவைத்துக்கொள்வார். மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அனுமதி இல்லாமல் வைத்தால் அன்று மாலையே குப்பைக்குப் போய்விடும். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் அரங்கு எடுப்பது செலவு. தெரிந்த பதிப்பகத்தின் மேசை ஓரத்தில் பத்துப் பிரதி வைக்கக் கேட்கலாம்.

பின்னட்டையில் ஒரு வரி சேருங்கள்: 'இதை நகலெடுத்துக் கொடுக்கலாம்' என்றோ, 'நகலெடுக்க வேண்டாம், கைமாற்றுங்கள்' என்றோ. எது என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாட்ஸாப்பில் பிடிஎஃப் விடுவதும் அப்படித்தான்: ஒருமுறை போனால் திரும்பி வராது. சொந்த வாழ்க்கை எழுதியவர்கள் எல்லாரும் சம்மதித்தால் மட்டும் விடுங்கள்.

தபாலில் என்றால் எடையைக் கணக்கிடுங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம்; 16 பக்க இதழ் 170 ஜிஎஸ்எம் அட்டையோடு ஏறக்குறைய 31 கிராம். புத்தகங்களுக்காக அஞ்சல் துறை 2025 மே 1இல் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும். அதாவது உறையோடு எட்டுப் பிரதியை ஒரே கட்டாக ஒரு தோழிக்கு அனுப்பி, அவரைப் பங்கிடச் சொல்லலாம். இதில் பருவ இதழ்களை ஏற்பதில்லை, விளம்பரம் இருக்கக்கூடாது, அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். உங்கள் குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, அதை வெளியிட்டவர் பெயராகப் போடுங்கள். கவுன்டரில் ஒரு பிரதியைக் காட்டி, ஏற்பார்களா என்று கேட்டுக்கொண்டு பிறகு கட்டுங்கள்.

பழைய பிரதிகளை எப்படி வைத்துக்கொள்வது?

ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதியும் மூலத்தாளும் ஒதுக்குங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். பிளாஸ்டிக் ஃபைல் உறையில் போட்டால் ஜெராக்ஸ் டோனர் நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு எழுத்து உரிந்துவிடும். பழுப்பு உறையிலோ வெள்ளைத் தாளில் சுற்றியோ, தரையிலும் சுவரிலும் படாத அலமாரித் தட்டில் வையுங்கள், கரையான் ஏறாது. அட்டையின் உள்பக்கத்தில் ஆண்டும் ஊரும் எழுதுங்கள். பெரும்பாலான கையிதழ்களில் இல்லாதது அதுதான், இருபது வருடம் கழித்து எடுப்பவருக்கு முதலில் தேவைப்படுவதும் அதுதான். எழுதியவர்களுக்குச் சம்மதமென்றால் ஒரு பிரதியைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு, ஏற்பார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்; தமிழ் அச்சுப் பண்டங்களைச் சேர்த்துப் பாதுகாப்பதே அவர்கள் வேலை.